நம்பாடுவான் என்னும் திருநாமம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

இம்மலரில் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு திவ்யதேச வைபவத்தை எழுதுவது அடியேனுடைய வழக்கம். இவ்வாண்டு தன் பிழை ஒன்றைச் சொல்லி, அப்பிழையால் அடியேன் கற்றுக்கொண்டதையும் சொல்ல முற்படுகிறேன். பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வுத்ஸவத்தின் அழைப்பிதழை எழுதும் பொறுப்பு அடியேனிடம் வந்தது. 'இசைக் கலைஞர்கள்' என்று ஒரு தலைப்பிட்டு, அதன்கீழ் நாகஸ்வர வித்வான், தவில் வித்வான், ஏழாம் திருநாள் இரவுக் கச்சேரிக்கு வரும் வயலின், மிருதங்க வித்வான்கள் ஆகியோர் பெயர்களை வரிசையாக எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் படித்துப் பார்த்த இளைஞர் ஒருவர், "விச்வரூபத்தின்போது பாடுகிற பெரியவரை விட்டுவிட்டீர்களே, ஸ்வாமி" என்றார். அப்பெரியவர் உழவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, விடியுமுன் நீராடி வந்து, கொடிமரத்தருகில் நின்று திருப்பள்ளியெழுச்சி பாடுகிறவர். கையில் ஒரு தாளம்கூட வைத்துக்கொள்ளமாட்டார். "அவர் வெறுமனே பாடுகிறவர்தானே? இசைக் கலைஞர் ஆவாரோ?" என்று சொல்லிவிட்டு அடியேன் தாளை மடித்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

உத்ஸவத்தின் மூன்றாம் நாள் விடியற்காலை. நாகஸ்வர வித்வான் வந்து அமர்ந்து, சீவாளியை நனைத்து வைத்துக்கொண்டு, ஊதாமலே இருந்தார். "நேரமாகிறதே, ஏன் தாமதம்?" என்று கேட்டேன். "பெரியவர் முடிக்கட்டும் சாமி. அவர் வாயால் பாடுகிறார், நான் சீவாளியால் பாடுகிறேன். மூச்சு ஒன்றுதானே? வாயால் பாட வராததை நாயனத்தில் ஊதாதே என்றுதான் என் குருநாதர் சொல்லிக்கொடுத்தார்" என்றார் அவர். அதன்பின், பெரியவர் விட்ட ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டு நாயனம் எழுந்தது.

அச்சொல் அடியேனைத் தலைகுனியச் செய்தது. வடமொழிப் பாடசாலையில் பயின்ற அடியேனுக்கு, சாஸ்திரம் இதைப்பற்றி என்ன கூறுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தேயிருந்தது. அழைப்பிதழ் எழுதும்போதுதான் அது நினைவுக்கு வரவில்லை.

சாஸ்திரம் கூறுவதென்ன? பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர்களின் ஆட்சியில் வாழ்ந்த சார்ங்கதேவர், தமது ஸங்கீத ரத்நாகரத்தில், கீதம், வாத்யம், ந்ருத்தம் என்னும் மூன்றும் சேர்ந்ததே ஸங்கீதம் என்று இலக்கணம் வகுத்தார். அம்மூன்றினுள் ந்ருத்தம் வாத்யத்தைப் பின்செல்லும், வாத்யம் கீதத்தைப் பின்செல்லும், ஆதலின் கீதமே பிரதானம் என்றும் அவரே முடிவு கூறினார். அதற்கும் மிக முற்பட்டதான நாரதீய சிக்ஷை, வீணைகள் இரண்டு என்கிறது. மரத்தால் ஆனது தாரவீ வீணை. மனித சரீரமே காத்ர வீணை. ஸாமகானம் செய்வோர் மீட்டுவது இந்தச் சரீர வீணையையே. ஸோம யாகத்தில் உத்காதா, ப்ரஸ்தோதா, ப்ரதிஹர்த்தா என்ற மூவர் கண்டத்தினாலேயே ஸாமத்தை எழுப்புகின்றனர். வேதங்களுள் தான் ஸாமவேதமாக இருப்பதாகக் கண்ணன் கீதையில் அருளிச்செய்ததையும் அறிவோம்.

கருவி வாசிப்போரை இதனால் தாழ்த்தினோம் என்று எவரும் எண்ணவேண்டா. வீணை வாசிப்பின் உண்மையையும் ச்ருதி, ஜாதி, தாளங்களையும் அறிந்தவன் எளிதில் மோக்ஷ மார்க்கத்தை அடைகிறான் என்று யாஜ்ஞவல்க்ய ஸ்ம்ருதி கூறும். தமிழ் மரபும் இவ்வாறே. பாணர் என்னும் ஒரு குடியினுள்ளே வாயால் பாடும் இசைப்பாணரும், யாழ் மீட்டும் யாழ்ப்பாணரும், மண்டை ஏந்திய மண்டைப்பாணரும் அடங்குவர் என்பது உரையாசிரியர்கள் காட்டிய பாகுபாடு. குடி ஒன்று, தொழிற்பெயர் மட்டும் மூன்று. ஆகவே, பாடுகிறவர் இசைவாணர்தாமோ என்று அடியேன் கேட்ட கேள்வி, வடமொழி நூலார்க்கும் தமிழ் நூலார்க்கும் தோன்றியிராத கேள்வி.

இனி, பாடுவோர் தம்மைத் தாமே எவ்வாறு சொல்லிக்கொண்டனர் என்பதைப் பார்ப்போம். இதில்தான் நம் ஸம்ப்ரதாயத்தின் சுவை இருக்கிறது.

ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை முதலிய திவ்யதேசங்களில் அரையர் ஸேவை கண்டிருப்பீர்கள். அரையர் தாளம் ஏந்திப் பாசுரத்தை இசையுடன் பாடுவார், அபிநயிப்பார், பின் தம்பிரான்படி வியாக்யானம் ஸாதிப்பார். கீதமும் தாளமும் அபிநயமும் ஒருவரிடத்திலேயே கூடியிருப்பதால், சார்ங்கதேவர் சொன்ன ஸங்கீத லக்ஷணத்துக்கு இவரைக் காட்டிலும் பொருத்தமானவர் யார்? அரையர் என்ற சொல்லுக்கோ அரசர் என்பது பொருள். ஆனால் எம்பெருமான் திருமுன்பே அவர்களுக்கு வழங்கும் பெயர் 'விண்ணப்பம் செய்வார்' என்பதாகும். உலகம் அரசர் என்று உயர்த்திச் சொல்ல, அவர்களோ மனுக்கொடுத்து நிற்கும் குடிகளைப்போல் நிற்கின்றனர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலும் திருவாய்மொழி விண்ணப்பம் செய்வார், திருப்பதியம் விண்ணப்பம் செய்வார் என்று வைணவ சைவ ஆலயங்கள் இரண்டிலும் இச்சொல்லே வழங்கக் காண்கிறோம்.

விண்ணப்பம் என்றால் என்ன? கேட்பவன் ஒருவன் எதிரே இருக்கிறான் என்பது அதன் பொருள். கச்சேரி செய்வதற்குச் சபை வேண்டும். விண்ணப்பம் செய்வதற்கோ செவிசாய்க்கும் ஒருவன் போதும். குரல் தழுதழுத்தாலும், ச்ருதி சற்றே விலகினாலும், விண்ணப்பம் விண்ணப்பமே. அதற்காக இசையைக் கற்காமல் இருக்கலாமோ எனின், ஆகாது. அரசனிடம் கொடுக்கும் மனுவை நல்ல எழுத்தில் எழுதுவதன்றோ முறை? அரையர்கள் பரம்பரையாகப் பயில்வது அதற்காகவே.

விண்ணப்பம் செய்வார் பெற்ற ஸம்பாவனைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆளவந்தாரின் திருக்குமாரரான திருவரங்கப்பெருமாள் அரையர் காஞ்சிக்கு எழுந்தருளி, பேரருளாளன் திருமுன்பே பாடி அபிநயித்தார். உகந்த பெருமாள், வேண்டுவது யாது என்று திருவுள்ளம் பற்றினான். பொன்னோ பட்டோ அவர் கேட்கவில்லை. ராமாநுஜரைத் தந்தருள வேண்டும் என்றார். கொடுத்த வாக்கைத் தட்டமுடியாமல் பெருமாள் தந்தருள, எம்பெருமானார் ஸ்ரீரங்கத்துக்கு எழுந்தருளினார் என்று குருபரம்பரை கூறும். அந்த அரையரிடமே எம்பெருமானார் பின்னர் ஆறு மாத காலம் பால் காய்ச்சிக் கொடுத்தும் மஞ்சட்காப்பு அரைத்துக் கொடுத்தும் பணிவிடை செய்து, அர்த்த விசேஷங்களைக் கேட்டுக்கொண்டார். ஸ்ரீபாஷ்யம் அருளிய மஹான் ஒரு பாடகரை ஆசார்யராகக் கொண்டார் என்பதை, ஏடும் எழுத்தும் மட்டுமே கல்வி என்று எண்ணும் அடியேனைப் போன்றோர் மறத்தலாகாது.

அடுத்துத் திருப்பாணாழ்வார். உறையூரிலே பாணர் குடியில் வளர்ந்தவர். காவிரிக் கரையில் நின்று யாழும் மிடறுமாகத் திருவரங்கனைப் பாடியவர். வழியை விட்டு விலகவில்லை என்று லோகஸாரங்க முனிவர் கல்லெறிய, அந்தக் காயத்தின் குருதி அரங்கன் திருநெற்றியில் கண்டது. பின்னர் அம்முனிவரே அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்கு எழுந்தருளச் செய்தார். ஆழ்வார்களுள், பாடுவதையே குலத்தொழிலாக உடையவர் இவர். தம்மை இசைவாணர் என்று சொல்லிக்கொள்ள இவரைவிட உரிமை உடையவர் இலர். பெரியாழ்வாரும், ஆண்டாளும், குலசேகரரும், தொண்டரடிப்பொடியாழ்வாரும், திருமங்கையாழ்வாரும், நம்மாழ்வாரும் தம் பதிகங்களின் முடிவிலே தம் பெயரை வைத்துப் பாடியிருக்க, இவர் அருளிய அமலனாதிபிரான் பத்துப் பாட்டிலும் இவருடைய பெயர் இல்லை. திருவடி தொடங்கித் திருக்கண்கள் வரையில் அரங்கனைச் சொன்னவர், தம்மைச் சொல்லிக்கொள்ள இடம் காணவில்லை போலும். பெயர் வைத்துப் பாடிய ஆழ்வார்களுக்கு இதனால் குறை இல்லை. அது ஸேவிப்பவர்க்குப் பலன் சொல்லும் முறை. பெயர் வையாத இவரையோ, பெரியவாச்சான்பிள்ளையும், அழகியமணவாளப்பெருமாள் நாயனாரும், வேதாந்த தேசிகரும் வியாக்யானம் இட்டுக் கொண்டாடினர்.

பெயரே சொல்லிக்கொள்ளாத மற்றொருவர் உண்டு. வராஹ புராணத்தில் உள்ள கைசிக மாஹாத்ம்யத்தின் நாயகர். கார்த்திகை மாதத்துச் சுக்ல பக்ஷ ஏகாதசி இரவில், எம்பெருமானைப் பாடி விழித்திருக்கும் விரதத்தை நிறைவேற்றச் சென்றுகொண்டிருந்தார். தாழ்ந்த குலம் என்று உலகம் ஒதுக்கிய குலத்தவர். வழியில் ப்ரஹ்மரக்ஷஸ் ஒன்று பற்றிக்கொண்டது. பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு உணவாகிறேன் என்று பதினெட்டுச் சபதங்கள் செய்து விடைபெற்றார். பாடினார். ஓடித் தப்பலாம் என்று வழியில் ஒரு முதியவர் சொல்லியும் கேளாமல், சொன்ன சொல்லைக் காக்கத் திரும்பி வந்தார். இப்பொழுது ரக்ஷஸ் அவருடைய உடலை வேண்டவில்லை, பாட்டின் பலனை வேண்டிற்று. முதலில் மறுத்த அவர், அது காலில் விழுந்து கதறவே, கைசிகப் பண்ணில் பாடிய ஒரு பாட்டின் பலனைக் கொடுத்தார். ஸோமசர்மா என்ற அந்தணனாய் இருந்து, யாகத்தில் நேர்ந்த மந்த்ர லோபத்தால் ரக்ஷஸ்ஸாகிய அவன், அப்பலனால் விமோசனம் பெற்றான்.

மந்த்ரம் கற்றவன் பிழைபட்டான். பாட்டுப் பாடியவன் அவனை மீட்டான். இதைப் படிக்குந்தோறும், மந்த்ரத்தை வாயிலும் செருக்கை நெஞ்சிலும் வைத்திருக்கும் அர்ச்சகனாகிய அடியேனுக்கு அச்சமே மிகுகிறது.

இவர் பெயர் என்ன? புராணம் இவருடைய குலத்தையும் விரதத்தையும் சொல்லிற்றேயன்றி, பெயரைச் சொல்லவில்லை. நம் ஸம்ப்ரதாயம் இவரை நம்பாடுவான் என்று அழைக்கிறது. பாடுவான் என்பது தொழிற்பெயர். அதன் முன்னே நிற்கும் 'நம்' என்னும் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். நம்பெருமாள், நம்மாழ்வார், நஞ்சீயர், நம்பிள்ளை என்று எம்பெருமானும் அடியார்களும் உரிமை கொண்டாடும்போது வழங்கும் சொல் அது. வெறும் பாடுவான் என்றால் ஊரில் பலர் உண்டு. நம்பாடுவான் என்றால் இவன் நம்முடையவன், நமக்காகப் பாடுகிறவன் என்று எம்பெருமான் ஏற்றுக்கொண்டானாகிறது. வித்வான், பாகவதர், கலைஞர் என்ற பட்டங்களை உலகம் கொடுக்கும், உலகமே திரும்பப் பெற்றுக்கொள்ளும். 'நம்' என்பதை ஒருவரும் திரும்பப் பெறவியலாது. இவருக்குக் காட்சி கொடுக்கவே கொடிமரம் விலகி நின்றது என்று சொல்லும் திருக்குறுங்குடியில், இன்றும் அது ஸந்நிதிக்கு நேரே இல்லாமல் ஒருபுறம் ஒதுங்கி நிற்பதைக் காணலாம். பராசர பட்டர் உரை செய்தருளிய இம்மாஹாத்ம்யம், கைசிக ஏகாதசியன்று பல திவ்யதேசங்களில் வாசிக்கப்பெறுகிறது. திருக்குறுங்குடியில் நின்றுபோயிருந்த கைசிக நாடகமும் 1999-ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்றது.

பாடுவோர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டவற்றுள் எல்லாம் ஆழமானது நம்மாழ்வாருடைய வார்த்தை. ஏழாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில், இப்பாசுரங்களைப் பாடியவர் தாம் அல்லர் என்றும், எம்பெருமானே தம்முள் புகுந்து, தம் நாவைக்கொண்டு தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்றும், இதற்கு என்ன கைம்மாறு செய்வேன் என்றும் ஆழ்வார் உருகுகிறார். நாரதீய சிக்ஷை சரீரத்தை வீணை என்றது. அவ்வீணையை மீட்டுகிறவன் யார் என்பதை ஆழ்வார் காட்டினார். அவ்வாறாயின், பாடுகிறவரும் ஒரு வாத்யமே. நாகஸ்வரமும் வாத்யம், அதை ஊதுகிற வித்வானும் வாத்யம். வாசிக்கிறவன் ஒருவனே. வாய்ப்பாட்டு, கருவி என்று வகை பிரித்துப் பந்தியில் முன் பின் இருத்துவதெல்லாம் நம்முடைய அழைப்பிதழ்களில்தான்.

இதனைக் கேட்டு, "பாடுவோரே தம்மை விண்ணப்பக்காரர், கருவி என்று தாழ்த்திக்கொள்ளும்போது, நாம் அவர்களுக்குத் தனிச் சிறப்புச் செய்வானேன்?" என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் மிகவும் எச்சரிக்கை வேண்டும். பணிவு அவர்களுடைய ஸ்வரூபம். அதைக் காரணம் காட்டி ஸம்பாவனையைக் குறைப்பதும், பெயரை விடுவதும், கூடத்தின் மூலையில் உட்கார வைப்பதும் நம்முடைய அபசாரம். விண்ணப்பம் செய்வார் என்று கல்லில் பொறித்த முன்னோர், அதே கல்லில் அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல்லையும் பொறித்து வைத்தார்கள். நெல்லை மறந்து சொல்லை மட்டும் போற்றுவது அவர்கள் வழியன்று.

இனி, பாகவதோத்தமர்களே, உங்களை நோக்கி ஒரு வார்த்தை. ஆழ்வார்கள் பாசுரங்கள் வழக்கொழிந்திருந்த காலத்தில், வீரநாராயணபுரத்து மன்னனார் ஸந்நிதிக்கு வெளியூரிலிருந்து யாத்ரையாக வந்த சிலர், திருக்குடந்தை ஆராவமுதன் மீது அமைந்த ஒரு பதிகத்தைப் பாடினார்கள். நாதமுனிகள் கேட்டு நெஞ்சுருகினார். ஆயிரத்துள் இப்பத்து என்று அதன் முடிவில் வந்ததைக் கொண்டு, மற்றவையும் உங்களுக்கு வருமோ என்று வினவினார். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவே என்றார்கள். அந்தப் பத்தைப் பற்றிக்கொண்டு நாதமுனிகள் திருக்குருகூருக்கு எழுந்தருளி, மதுரகவிகளின் பிரபந்தத்தைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து, நம்மாழ்வார் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார். தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் இசையுடன் கற்பித்தார். அரையர் பரம்பரை அங்கிருந்து தழைத்தது.

அந்த யாத்ரிகர்கள் எவர்? அவர்கள் பெயர்களை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. வித்வான்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. முழுவதும் தெரியாது என்று நாணி, தெரிந்த பத்தையும் பாடாமல் வாய்மூடி ஸேவித்துத் திரும்பியிருந்தால், நாலாயிரம் நமக்கு எவ்வாறு கிடைத்திருக்கும்? அவர்களும் உங்களைப்போல் உத்ஸவம் பார்க்க வந்தவர்களே. ஆதலின், இன்று மாலை புறப்பாட்டில் கோஷ்டி முன்னே செல்லும்போது, எனக்கு ஸங்கீதம் தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். தெரிந்த ஒரு பாசுரத்தை, தெரிந்த அளவில், மெல்லவேனும் சொல்லுங்கள். கேட்கிறவன் அழைப்பிதழைப் பார்த்துக் கேட்கிறவன் அல்லன்.

அப்பெரியவரிடம் அடியேன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். "உம்மை எப்பெயரால் எழுதட்டும்?" என்றும் கேட்டேன். அவர் சிரித்து, "பேரு எதுக்கு சாமி? கேக்குறவருக்கு என் குரல் தெரியும்" என்றார். ஆயினும் அடுத்த ஆண்டு முதல் நம் அழைப்பிதழில் 'இசைக் கலைஞர்கள்' என்ற தலைப்பு இல்லை. 'நாத கைங்கர்யம்' என்ற ஒரே தலைப்பின்கீழ், விச்வரூப வேளையில் பாடுகிற அவர் பெயர் முதலிலும், நாகஸ்வர வித்வான் பெயர் அடுத்தும், தவில் வித்வான் பெயர் அதற்கடுத்தும் வருகின்றன. அவ்வரிசையைச் சொன்னவர் நாகஸ்வர வித்வானே. தீர்த்தமும் சடாரியும் அவ்வரிசையிலேயே ஸாதிக்கப்பெறுகின்றன. ஸம்பாவனையும் குறைவின்றி அளிக்கப்பெறுகிறது.

நாளை விடியற்காலையில் விச்வரூபம் ஸேவிக்க வருவோர் கொடிமரத்தருகில் சற்று நின்று கேட்க வேண்டுகிறேன். முதுமையால் அவர் குரல் இப்பொழுது நடுங்குகிறது. சில நாட்களில் மேல் ஸ்தாயியை எட்டுவதில்லை. அவர் எட்டாத இடத்தை நாகஸ்வரம் மெல்ல எடுத்து நிரப்பும். எது குரல், எது கருவி என்று அப்பொழுது உங்களுக்குப் பிரித்தறிய வருமானால், அடியேனுக்கும் வந்து சொல்லுங்கள்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்